மைக் செட்டுக்காரன் பேரன்

டேய் பேராண்டி, காதுல மாட்டியிருக்கிற அந்தக் கொட்டாங்குச்சியைக் கொஞ்சம் கழட்டு. ஒரு காதை மூடிக்கிட்டு இன்னொரு காதை எனக்குக் குடுத்திருக்கேங்கிற கதையெல்லாம் வேண்டாம். உங்கப்பனும் அப்படித்தான். ஒத்தைக் காதை எப்பவும் எனக்காகத் தொறந்தே வச்சிருந்தான். அது வழியா இதுவரைக்கும் ஒண்ணும் உள்ள போனதில்ல.

உங்கம்மா இந்த டில்லி மயூர் விகார் முழுக்கச் சொல்லி அழுறா. "இஞ்சினியருக்குப் படிக்க வச்சோம், பய கல்யாண வீட்டுல பாட்டுப் போடப் போயிட்டான்"னு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தாயி, வருத்தப்படாதே. இது நம்ம பரம்பரைச் சோலி. நடுவுல உன் புருசன் ஒருத்தன்தான் வழிதப்பிப் போயி பேங்குல உக்காந்துட்டான்"னேன். அன்னியிலருந்து எனக்கு வரக்காப்பிதான் வருது.

உனக்குத் தெரியாது. உசிலம்பட்டிக்கு மேக்க ஏழெட்டு ஊருக்கு நான்தான் டிஜே. அப்ப அந்தப் பேரு கிடையாது, மைக் செட்டுக்காரன்னு சொல்லுவாக. மாட்டு வண்டியில ஒரு ஆம்பிளிபயர், ஒரு பேட்டரி, ரெண்டு குழாய், பொட்டி நிறைய ரெக்கார்டு. குழாயை வேப்பமரத்து உச்சியில ஏறிக் கட்டணும். கட்டி இறங்குறதுக்குள்ள சிறுசுக பூராவும் மரத்தடியில கூடியிருக்கும். முதப் பாட்டு சாமிப் பாட்டு. ரெண்டாவது பாட்டு யாரு கட்சிக்காரன் பாட்டுங்கிறதுலதான் மண்டை உடையும். எம்ஜியார் பாட்டு ஒண்ணு போட்டா சிவாஜி பாட்டு ஒண்ணு போட்டாகணும், எண்ணிக்கிட்டு ஒருத்தன் உக்காந்திருப்பான். மொய் எழுதுற எடத்துல மைக்கும் என் கையிலதான். "தாய்மாமன் சீர் வருது, வழி விடுங்க"ன்னு நான் ஒரு குரல் குடுத்தா கூட்டம் ரெண்டாப் பிரியும். இன்னிக்கு நீ அதுக்குன்னு எம்.சி.ன்னு ஒரு பயலைப் பக்கத்துல நிறுத்திச் சம்பளம் அழுற. நான் ரெண்டு சோலியும் பாத்தேன், கூலி ஒண்ணுதான். அதுலயும் பாதி "அடுத்த முகூர்த்தத்துல தாரேன்".

அன்னிக்கு நீ ஒரு அமெரிக்கா கதை சொன்னியே, ஞாபகம் இருக்கா? கிழவன் தூங்குறான்னு நெனச்ச. நான் கேட்டுக்கிட்டுத்தான் கிடந்தேன். நியூயார்க்குல பிராங்ஸ்னு ஒரு ஏழைபாழைக பேட்டை. 1973 ஆகஸ்ட் 11. ஜமைக்காவுலருந்து பிழைக்க வந்த குடும்பத்துப் பய, கூல் ஹெர்க்னு பேரு. தங்கச்சிக்குப் பள்ளிக்கூடம் தொறக்குறதுக்கு முன்னாடி புதுத்துணி எடுக்கணும், கையில காசில்ல. அடுக்குமாடி வீட்டுக் கூடத்துல ஒரு ஆட்டம்பாட்டம் வச்சாக. பொம்பளப் பிள்ளைக்கு 25 சென்ட், ஆம்பளப் பயலுக்கு 50. மொய்விருந்துதான், வேறென்ன? அங்கிட்டு அந்தப் பய ஒண்ணு கண்டுக்கிட்டான். கூட்டம் பாட்டு முழுசுக்கும் ஆடல. பாடுறவன் வாயை மூடி, தாளம் மட்டும் தனியா வர்ற ஒரு துண்டு இருக்கும் பாரு, அங்கதான் துள்ளுது. அதே பிளேட்டை ரெண்டா வாங்கி, இதுல அந்தத் துண்டு முடியவும் அதுல, அதுல முடியவும் இதுலன்னு இழுத்துக்கிட்டே போனான். ஹிப்ஹாப் பொறந்த கதை அம்புட்டுத்தான்னு நீதான் சொன்ன.

நல்ல கதைதான். ஆனா நம்மூர்ப் பொங்கல்ல பறை அடிக்கிறவரைப் பாத்திருக்கியா? சாமி வர்றவன் எந்த அடிக்குச் சிலுத்துக்கிறாங்கிறதை ஓரக்கண்ணுல பாத்து, அந்த அடியைப் பிடிச்சாருன்னா விடமாட்டாரு. சாமி இறங்குற வரைக்கும் அதே அடிதான். ஹெர்க்குக்கு ரெண்டு பிளேட்டு வேண்டியிருந்துச்சு, இவருக்கு ரெண்டு கை போதும். அதுக்காக அமெரிக்காக்காரன் நம்மகிட்டருந்து திருடிட்டான்னு சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்லித் திரியறதுக்கு உங்க வாட்சப் மாமன்மாரு இருக்காக. அதே 1973லதான் இங்க ராமகிருஷ்ணபுரம் மலை மந்திர்ல சுவாமிநாதனுக்குக் கும்பாபிஷேகம் ஆச்சு. டில்லித் தமிழனுக்கு அந்த வருசத்துல அது ஒண்ணுதான் சேதி.

இன்னொரு கூத்து. ரெக்கார்டைக் கையால முன்னையும் பின்னையும் தேய்ச்சு 'விக்கி விக்கி'ன்னு சத்தம் குடுக்கிறியே, அதைக் கண்டுபிடிச்சது கிராண்ட் விசர்ட் தியோடர்னு ஒரு பய. 1975 வாக்குல, அதே பிராங்ஸ். பன்னெண்டு வயசு இருந்திருக்கும். பாட்டு ரொம்பச் சத்தமா ஓடுதுன்னு ஆத்தாக்காரி கதவைத் தட்டித் திட்டியிருக்கா. அவ பேசி முடிக்கிற வரைக்கும் பிளேட்டு நகரக் கூடாதுன்னு கையால பிடிச்சு ஆட்டிக்கிட்டே நின்னிருக்கான். அந்தச் சத்தம் பிடிச்சுப் போச்சு. மேதை ஆயிட்டான். இதே வேலையை நானும் பண்ணியிருக்கேன். உங்க அப்பத்தா சோத்துக்குக் கூப்பிட்டப்ப பிளேட்டை அமுக்கிப் பிடிச்சேன். என்னை யாரும் மேதைன்னு சொல்லல. முள்ளு போச்சு, அன்னிக்குக் கூலியில கழிச்சுட்டாக.

சரி, இந்த ஊருக்கு வருவோம். டில்லியில சரக்கு இல்லாம இல்ல. திலக் நகர்லருந்து பிரப் தீப்னு ஒரு சர்தார்ப் பிள்ளை 2017ல 'கிளாஸ்-சிக்'னு ஒரு ஆல்பம் போட்டான். காரு, சாராயம், குட்டின்னு பீத்திக்காம, தன் தெருப் பயலுக போதையில அழிஞ்ச கதையைப் பஞ்சாபியில சொன்னான். பாஷை புரியாத எனக்கே தொண்டை அடைச்சுச்சு. அதுக்குத் தாளம் கட்டினவன் செஸ்ங்கிற டில்லிப் பய. மறு வருசம் 'சீதே மௌத்'னு ரெட்டையரு 'பயான்' போட்டாக, அதுக்கும் அவன்தான் தாளம். அந்த ரெட்டையரு ஒருத்தன் வாயிலருந்து இன்னொருத்தன் வார்த்தையைப் பிடுங்கிப் பிடுங்கிப் பாடுறதைக் கேட்டப்ப எனக்கு லாவணிதான் ஞாபகம் வந்துச்சு. மன்மதன் எரிஞ்சான்னு ஒரு கட்சி, எரியலன்னு ஒரு கட்சி, விடிய விடிய டேப்பு வாத்தியத்தைத் தட்டிக்கிட்டு வாதம் பண்ணுவாக. அங்க மன்மதன் எரிஞ்சான், இங்க எதிராளி எரியுறான்.

நீ போடுறது அதெல்லாம் இல்லையே. நீ போடுறது ரீமிக்ஸு. அதுக்கும் இந்த ஊர்ல வம்சம் உண்டு. தரியாகஞ்சுல பழரசக் கடை வச்சிருந்த குடும்பத்துப் பிள்ளை குல்ஷன் குமார். பழைய படப் பாட்டைப் புதுக் குரல்ல பாட வச்சு, கேசட்டு போட்டு, கொள்ளை விலைக்கு வித்துக்கிட்டிருந்த பெரிய கம்பெனி முன்னாடி மலிவு விலைக்குக் குவிச்சான். சட்டத்துல அதுக்கு ஒரு சந்து இருந்துச்சு, சந்துக்குள்ள லாரியை ஓட்டினான். டி-சீரிஸ்னு வளந்து நிக்குது இன்னிக்கு. சாறு பிழியத் தெரிஞ்ச கையி, மாம்பழமா இருந்தா என்ன, லதா மங்கேஷ்கர் பாட்டா இருந்தா என்ன? 1972ல வந்த 'காண்டா லகா' 2002ல ரீமிக்ஸா திரும்பி வந்து போட்ட ஆட்டத்தை உங்கப்பன்கிட்ட கேளு. டிவி முன்னாடி வாயைத் தொறந்து உக்காந்திருந்தவன், நான் உள்ள வரவும் நியூஸுக்கு மாத்தினான். 2012ல சட்டத்தைத் திருத்திட்டாக. ஒரு பாட்டு வந்து அஞ்சு வருசம் கழியாம அதை இன்னொருத்தன் குரல்ல பதிஞ்சு விக்கக் கூடாது. கழிஞ்சாலும் உரியவனுக்குச் சொல்லி, காசு கட்டணும், இஷ்டத்துக்கு மெட்டையும் வரியையும் மாத்தக் கூடாது. நீ பெட்ரூம்ல உக்காந்து இளையராஜா பாட்டுக்கு அடியில 'டும் டும்'னு செருகி நெட்டுல ஏத்துறியே, அதுக்கு முன்னாடி இதைப் படி. அந்த மனுசன் பெரிய பெரிய படக் கம்பெனிக்கே நோட்டீஸ் விட்டவரு, உன் வீட்டு நம்பரு கண்டுபிடிக்க அவருக்கு எம்புட்டு நேரமாகும்?

பண்ணாதேன்னு சொல்லல. மலேசியாவுல யோகி பி பயலுக 2006ல 'மடை திறந்து' பாட்டை எடுத்து ராப்போட கோத்தாங்களே, 1980 பாட்டு, புதுக் கல்யாணம் பண்ணின மாதிரி இருந்துச்சு. பாட்டுக்காரன் பேரைச் சொல்லாம விட்டாத்தான் கசக்கும். 2021ல 'என்ஜாய் எஞ்சாமி' வந்துச்சு. அறிவு எழுதினது, தேயிலைத் தோட்டத்துல உழைச்ச பாட்டியோட கதை. டிஜே ஸ்நேக்னு பிரான்ஸ்காரன் அதை ரீமிக்ஸ் பண்ணினான், உலகமெல்லாம் ஓடுச்சு. ஒரு பத்திரிகை அட்டைப்படத்துல மத்தவுக இருந்தாக, எழுதின அறிவைக் காணோம். ஊரே சத்தம் போட்டுச்சு. மைக் செட்டுக்காரன் நானே ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னாடி படத்து பேரு, பாடினவர் பேரு சொல்லித்தான் போடுவேன். சில நேரம் தப்பாச் சொல்லுவேன், அது வேற.

இப்ப உள்ள விசயத்துக்கு வாரேன். போன குளிர்காலத்துல சத்தர்பூர் பண்ணை வீட்டுக் கல்யாணத்துக்கு என்னையும் கூட்டிட்டுப் போனியே. டில்லிக்காரனுக்குக் குளிர்தான் முகூர்த்தம். மாப்பிள்ளை குதிரையில, குதிரைக்கு முன்னாடி லாரி, லாரி மேல வீடு உசரத்துக்கு ஸ்பீக்கரு, அதுக்கு நடுவுல எம்பேரன். மாப்பிள்ளையோட சித்தப்பன் ஐநூறு ரூவாத் தாளை ஆட்டி "பாயி சாப், ஏக் பார் அவுர்"ங்கிறான். நீ ரெண்டு பாட்டை ஒண்ணாக் கோக்குறதைப் பாத்தேன். ஒண்ணு நிமிசத்துக்கு தொண்ணூறு தட்டு, இன்னொண்ணு தொண்ணூத்தஞ்சு. வேகத்தைக் கூட்டிக் குறைச்சு, ரெண்டு மாட்டையும் ஒரே நுகத்தடியில பூட்டின. வண்டி குலுங்காம ஓடுச்சு. சொல்லக் கூடாது, கண்ணு பட்டுரும், நல்லாத்தான் பூட்டின.

ஆனா ரெண்டு மணி நேரத்துல ஒரு தடவை கூட நீ தலையைத் தூக்கல. உன் கண்ணு அந்தக் கம்ப்யூட்டர்லயே. கீழ டோல் அடிச்ச ஆளைப் பாத்தியா? அவன் கண்ணு பூரா ஆடுறவன் காலுல. கிழவிக ரெண்டு பேரு ஓரமா நின்னு தோளை மட்டும் அசைச்சாக. அவன் கண்டுக்கிட்டான், அவுக பக்கம் நடந்து போயி மெதுவா அடிச்சான். அஞ்சு நிமிசத்துல அந்தக் கிழவிக நடுவுல ஆடுதுக. அந்த நேரம் நீ அடுத்த பாட்டு எதுன்னு தேடிக்கிட்டிருந்த. கூட்டம் அவனுக்குத்தான் ஆடுச்சு அப்பு, உன் லாரி வெளிச்சத்துல.

சட்டமும் கொஞ்சம் கேட்டுக்க, வக்கீல் வீட்டுக்கு மைக் செட் போட்ட அனுபவம். ராத்திரி 10 மணிக்கு மேல காலை 6 வரைக்கும் ஒலிபெருக்கி கூடாதுன்னு 2000ல விதி. போலீஸ்காரன் வந்தா அவனுக்குப் பிடிச்ச பாட்டு போட்டுச் சமாளிக்கலாம்னு நெனைக்காதே. நான் நெனச்சேன், ஆம்பிளிபயரு மூணு நாளு ஸ்டேசன்ல கிடந்துச்சு. கல்யாணத்துல, ஊர்வலத்துல போடுற பாட்டுக்கு உரிமைக் காசு கட்ட வேண்டாம்னு காப்பிரைட் சட்டத்துலயே இருக்கு, 2023ல மத்திய அரசும் அதையே திரும்பச் சொல்லுச்சு. எவனாவது ரசீதுப் புஸ்தகத்தோட மண்டபத்துக்கு வந்தா பம்மாதே. ஓட்டல்ல புதுவருசக் கூத்துன்னா அது வேற. லைசென்ஸ் வாங்கியாச்சான்னு முதலாளிகிட்ட கேட்டுட்டு வயரை மாட்டு.

காதையும் பாத்துக்க. 85 டெசிபல் சத்தத்துல எட்டு மணி நேரம் இருக்கலாமாம். மூணு டெசிபல் ஏறினா நேரம் பாதியாக் குறையுமாம். நூறுன்னா காமணி நேரந்தான். காதடைப்பான் ஒண்ணு வாங்கிக்க. எனக்கு இடது காது போயி இருவது வருசமாச்சு. வலது காது கேக்கும், உங்கம்மா பேசுறப்ப மட்டும் அதுவும் கேக்காது.

என்ன சிரிக்கிற? நாளைக்கு துவாரகாவுல கல்யாணம்னு சொன்னியே, பாதிப் பணம் கையில வாங்கிட்டியா? வாங்கலியா? நெனச்சேன். நானும் கூட வாரேன். அந்தச் சித்தப்பன்மார்கிட்ட நான் பேசிக்கிறேன், எனக்கு இந்தி தெரியாதுங்கிறது அவுகளுக்குத் தெரியாது. லாரியில ஏத்திவிட மட்டும் ஒரு ஆளு வேணும், வேப்பமரம் ஏறின காலு இப்ப மடங்க மாட்டேங்குது. மாப்பிள்ளை குதிரை ஏறுறதுக்கு முன்னாடி மைக்கை ஒரே ஒரு தடவை எங்கையில குடு. பாட்டெல்லாம் பாட மாட்டேன். "அலோ... மைக் டெஸ்டிங்... ஒன்... டூ..."ன்னு சொல்லிப் பாத்து ரொம்ப நாளாச்சு.