போனஸைப் பார்க்காதீர்கள், பேசிக்கைப் பாருங்கள்

கே: துபாயில் ஒரு பள்ளியில் ஆங்கில டீச்சர் வேலை. மாதம் 5,000 திர்ஹம். அதில் பேசிக் 2,000தான், மிச்சமெல்லாம் அலவன்ஸ். மொத்தத்தில் கைக்கு வருவது ஒன்றுதானே, கையெழுத்துப் போடலாமா? (ஆசிரியை, திருநெல்வேலி)

ப: மாதாமாதம் வருவது ஒன்றுதான். ஊருக்குக் கிளம்பும்போது வருவது ஒன்றல்ல. அமீரகத்தில் ஓராண்டு முடித்துவிட்டால் கிராஜுவிட்டி, அதாவது பணிக்கொடை உண்டு. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம், அதற்கு மேல் ஆண்டுக்கு 30 நாள். ஆனால் கணக்கு மொத்தச் சம்பளத்தின் மீது இல்லை, கடைசியாக வாங்கிய பேசிக்கின் மீது. பேசிக் 2,000 என்றால் ஐந்து ஆண்டு முடிவில் 7,000 திர்ஹம். அதே 5,000 சம்பளத்தில் பேசிக் 3,500 என்று போட்டிருந்தால் 12,250. அதே வகுப்பு, அதே கரும்பலகை, 5,250 திர்ஹம் வித்தியாசம். ஆண்டு இறுதி போனஸ் எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் பேசிக்கை உயர்த்தச் சொல்லிக் கேளுங்கள். கையெழுத்துப் போட்டபின் கேட்டால் நடக்காது.

கே: தென்கொரியாவில் டியூஷன் சென்டரில் ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளம் போனஸ் என்கிறார்களே, தாராள மனசுதான்! (வாசகர், சேலம்)

ப: மனசு அல்ல, சட்டம். ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்தவருக்கு ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது அங்கே எல்லா முதலாளிக்கும் பொருந்தும் விதி. கடன்பட்டதையே பரிசு என்று நீட்டுகிறார்கள். இதைத் தராமல் தப்பிக்கப் பதினோராவது மாதத்தில் சீட்டைக் கிழித்த சென்டர்களும் உண்டு. "சட்டப்படி வருவது போக வேறு என்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் வந்தால் அதுதான் போனஸ்.

கே: நான் எம்.ஏ. ஆங்கிலம், பி.எட்., பத்து வருட அனுபவம். கொரியாவில் வேலை கிடைக்குமா? (மதுரை)

ப: அங்கே ஆங்கிலம் கற்பிக்கும் ஈ-2 விசா பொதுவாக ஏழு நாட்டுக் குடிமக்களுக்குத்தான்: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. 2010இல் நடைமுறைக்கு வந்த இந்திய-கொரிய ஒப்பந்தம், ஆசிரியர் தகுதி உள்ள இந்தியர்களுக்குப் பள்ளிகளில் உதவி ஆசிரியராக ஒரு சின்னக் கதவைத் திறந்துவிட்டது. உங்கள் பி.எட்.டுக்கு மதிப்பு அந்தக் கதவில்தான். இலக்கணத்தைத் தொட்டுப் பார்க்காத ஒரு பட்டதாரி, பாஸ்போர்ட்டை மட்டும் காட்டி உள்ளே போகும் இடத்தில் பத்து வருட அனுபவம் வாசலில் நிற்பது அநியாயம். தாய்லாந்தில் பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் இதே அநியாயத்தைக் குறைந்த சம்பளமாகச் சுமக்கிறார்கள். சம்பளத்தை வேலை தீர்மானிக்க வேண்டும், பிறந்த ஊர் அல்ல.

கே: பெற்றோர் கொடுக்கும் ரேட்டிங்கை வைத்து ஆன்லைன் டீச்சருக்கு போனஸ் தருவது நியாயமா? (கோவை)

ப: சீனாவின் விஐபிகிட் நிறுவனத்தில் வட அமெரிக்க ஆசிரியர்கள் வீட்டில் இருந்தபடியே சீனக் குழந்தைகளுக்கு 25 நிமிட வகுப்பு எடுத்தார்கள். வகுப்புக்கு அடிப்படை 7 முதல் 9 டாலர். நேரத்துக்கு வந்து முடித்தால் ஒரு டாலர், மாத எண்ணிக்கை 45ஐத் தாண்டினால் வகுப்புக்கு இன்னொரு டாலர். பெற்றோர் தரும் மதிப்பெண் நட்சத்திரம் அல்ல, ஆப்பிள். ஐந்து ஆப்பிள் முழு மதிப்பெண். ஓர் ஆப்பிள் குறைந்தால் அடுத்த மாத புக்கிங் பற்றிய கவலை. இப்படிப்பட்ட இடத்தில் பிள்ளையின் தவறைத் திருத்தவே டீச்சருக்குக் கை நடுங்கும். 2021 ஜூலையில் சீன அரசு டியூஷன் தொழிலுக்குக் கடிவாளம் போட்டு, வெளிநாட்டில் இருந்தபடி பாடம் நடத்துவதையும் தடை செய்தது. ஒப்பந்தக்காரர்கள் என்று எழுதி வைத்திருந்ததால் அந்த டீச்சர்களுக்குப் பணிக்கொடை என்ற பேச்சே இல்லை.

கே: அப்படியானால் திறமைக்குப் பணமே தரக் கூடாது என்கிறீர்களா? (ஈரோடு)

ப: தரலாம், ஒழுங்காக அளந்தால். பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. கார்த்திக் முரளிதரனும் வெங்கடேஷ் சுந்தரராமனும் ஆந்திர கிராமப்புற அரசுப் பள்ளிகளில் நடத்திய ஆய்வில், ஆசிரியருக்குக் கிடைத்த போனஸ் சராசரியாக ஆண்டுச் சம்பளத்தில் 3 சதவீதம்தான். ஆனால் தெலுங்கிலும் கணக்கிலும் பிள்ளைகள் கண்கூடாக முன்னேறினார்கள். போனஸ் வைக்காத பாடங்களிலும் முன்னேறினார்கள். காரணம், அங்கே பார்த்தது பிள்ளை எங்கே தொடங்கினான், எவ்வளவு ஏறினான் என்பதை. தேர்வை வெளியார் நடத்தினார்கள், கணக்கு முன்கூட்டியே எல்லோருக்கும் தெரியும். முழுச் சம்பளம் பத்திரமாக இருக்க, அதற்கு மேல்தான் இந்தப் பணம். வெளிநாட்டு டியூஷன் முதலாளி "மேனேஜ்மென்ட் விருப்பப்படி" என்று எழுதுவது வேறு சங்கதி.

கே: ஜப்பானில் நிறுவனமே வீடு தருகிறதாம், வாடகையைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்களாம். வசதிதானே? (புதுச்சேரி)

ப: 2007 அக்டோபரில் நோவா என்ற மிகப் பெரிய ஆங்கிலப் பள்ளி திவாலானபோது, சம்பளத்தில் வாடகையைப் பிடித்துவிட்டு வீட்டுக்காரருக்குக் கட்டாமல் விட்டிருந்தது தெரியவந்தது. சம்பளமும் போய், கூரையும் போய் ஆசிரியர்கள் தெருவுக்கு வரும் நிலை. வாடகை ஒப்பந்தம் உங்கள் பெயரில் இருக்கட்டும்.

கே: இன்டர்வியூவில் கேட்க ஒரே ஒரு கேள்வி சொல்லுங்கள். (நாகர்கோவில்)

ப: "போன வருடம் எத்தனை டீச்சருக்கு போனஸ் முழுதாகக் கிடைத்தது? அவர்களில் ஒருவரோடு பேச முடியுமா?"