ஒலித்தொகுப்பு: எது வேகம்?

கேள்வி: பாட்டி சொல்லும் ஊர்க்கதைகளைப் பதிந்து தொகுக்க ஆடாசிட்டி நல்லதா, ரீப்பர் நல்லதா? எது வேகமானது? (வாசகர், செவன் கிங்ஸ், லண்டன்)

பதில்: ஆடாசிட்டி 2000-இல் வெளிவந்த இலவச மென்பொருள். ஒற்றைக் குரலைப் பதிந்து, இருமலையும் வெற்று இடைவெளியையும் வெட்டி, எம்பி3 ஆக்க அதுவே போதும். முன்பு ஒவ்வொரு மாற்றமும் கோப்பில் ஏறும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2022-இல் வந்த 3.2 பதிப்பு முதல், ஒலி ஓடும்போதே பல மாற்றங்களைச் செய்து கேட்கலாம்.

ரீப்பர், வின்ஆம்ப் என்ற பாட்டுக் கேட்கும் மென்பொருளை உருவாக்கிய ஜஸ்டின் ஃபிராங்கலின் நிறுவனத் தயாரிப்பு. 60 நாள் இலவசம்; பிறகு உரிமம் வாங்க வேண்டும். மூலப் பதிவைத் தொடாமலே வெட்டுவதால் வேலை விரைவாக நடக்கும். குரல், வீணை, மிருதங்கம் எனத் தடங்கள் பெருகினால் அதுவே ஏற்றது.

குளிர்பெட்டியின் சீரான இரைச்சலை இரண்டும் குறைக்கும். செவன் கிங்ஸ் நிலையத்தைக் கடக்கும் ரயிலின் ஓசையோ ஏறி இறங்கும். அதைக் குரலைக் கெடுக்காமல் நீக்குவது இரண்டுக்குமே கடினம்.

பாட்டியின் கதைக்கு ஆடாசிட்டி போதும். சன்னலைச் சாத்திவிட்டுப் பதிந்தால் தொகுக்கும் வேலை பாதியாகும்.