பாசத்துக்கு ஒரு லீவு நாள்

கேள்வி: பிரெஞ்சுக்காரர்கள் நவம்பர் 1 அன்று பூந்தொட்டியோடு கல்லறைக்கு ஓடுகிறார்களாமே? வருஷத்துக்கு ஒரு நாள் பாசம் எதற்கு?
– ஒரு வாசகர், மூணாறு

பதில்: ஆடி அமாவாசைக்கு ஆற்றங்கரையில் வரிசை கட்டும் நாமா இதைக் கேட்பது! பாலக்காட்டுப் பக்கம் பாரதப்புழையில் கர்க்கடக வாவு பலியும் பெரும்பாலும் அதே அமாவாசையில்தான். தேதி குறிப்பது பாசம் குறைந்ததால் அல்ல, சிதறிய சொந்தம் ஒன்றுகூட வேண்டும் என்பதால். கத்தோலிக்க வழக்கப்படி இறந்தோர் நினைவு நாள் நவம்பர் 2. பிரான்சில் அரசு விடுமுறையோ முந்தின நாள், அனைத்துப் புனிதர் திருநாளுக்கு. ஆகவே செவ்வந்தித் தொட்டியும் முதல் நாளே கல்லறை சேர்ந்துவிடுகிறது. திருச்சபை நாட்காட்டியை லீவு ஜெயித்துவிட்டது! (அங்கே விருந்துக்குப் போனால் செவ்வந்தி மட்டும் வாங்கிப் போகாதீர்கள். நம்மூரில் மாப்பிள்ளை கழுத்தில் ஏறும் பூ, அங்கே சாவுப் பூ.)

மனசில் நினைத்தால் போதாதா என்பீர்கள். உங்கள் ஊருக்குப் பக்கத்துப் பெட்டிமுடியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 ஆகஸ்ட் 6 இரவு நிலச்சரிவில் 70 பேர் போனார்கள். பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள். கிடைத்த உடல்களை ராஜமலையில் அடக்கம் செய்தார்கள். நான்கு பேர் கிடைக்கவே இல்லை. லயங்கள் மண்ணுக்குள், தப்பியவர்கள் வேறிடத்தில், உறவுகள் பலர் கயத்தாறு பக்கம். நினைப்பதற்கு நாள் வேண்டாம், ஒப்புக்கொள்கிறேன். கயத்தாறிலிருந்து மலையேறும் வண்டிக்கும், தோட்டத்தில் கேட்டு வாங்கும் லீவுக்கும் நாள் வேண்டுமே!