கவனம் சிதறாமல் வேதம் வாசிக்க மூன்று வழிகள்

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிகிற நேரம். வெளியூரிலிருந்து வந்திருந்த பிரசங்கியார் திடீரென்று, "இந்த வாரம் முழுக்க தனித்தியானத்தில் மனசு அலையாமல் வேதம் வாசித்தவர்கள் கை தூக்குங்கள்" என்றார். சபையே கை தூக்கியது. என் பக்கத்தில் இருந்தவர் தேங்காய் விலையைத் தவிர வேறெதையும் நினைத்து நான் பார்த்ததில்லை. அவர் இரண்டு கைகளையும் தூக்கினார். நானும் தூக்கினேன். ஆனால் தோளுக்கு மேலே போகாமல் பார்த்துக்கொண்டேன். சட்டைக் காலரைச் சரிசெய்கிறேன் என்றும் அதை எடுத்துக்கொள்ளலாம்.

அத்தனை கைகளையும் பார்த்த பிறகும் அவர் விடவில்லை. வாசலில் நின்று ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்தார். 'கவனச்சிதறலை மேற்கொள்ள ஏழு வழிகள்.' எல்லோருமே கவனமாக வாசிக்கிறவர்கள் என்றால் சீட்டு யாருக்கு? அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஏழில் நாலு வழி எங்கள் ஊரான எலப்புள்ளியில் நடக்காது. மீதி மூன்றையும் நானே திருத்தி இந்தக் கட்டுரையின் கடைசியில் தருகிறேன்.

முதல் வழி: அமைதியான ஓர் அறையைத் தெரிந்துகொள்ளுங்கள்.

பாலக்காடு-பொள்ளாச்சி சாலைக்குப் பக்கத்தில் வீடு வைத்திருக்கிறவனிடம் சொல்கிற பேச்சா இது? விடியுமுன்னே லாரி. லாரி ஓய்ந்தால் மயில். மயிலைப் படத்தில் பார்க்கிறவர்கள் பாக்கியவான்கள். அது கத்திக் கேட்டதில்லை. மயில் ஓய்ந்தால் மீன்காரரின் ஸ்கூட்டர் ஹாரன். அவரும் போய்விட்டால் லாட்டரி ஆட்டோ வந்து, நாளைய கோடீசுவரன் நானாகத்தான் இருக்கக்கூடும் என்று மைக்கில் அறிவிக்கும். ஒரு மனிதன் மோசேயின் நியாயப்பிரமாணத்தையும் அந்த அறிவிப்பையும் ஒரே நேரத்தில் கேட்டால் எது ஜெயிக்கும் என்று பிரசங்கியாருக்கே தெரியும். இதெல்லாம் போக, இந்தப் பருவத்தில் காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் கடவுள் ஒரே ஒரு பெரிய கணவாயை வைத்து, அதன் வழியில் எங்களைக் குடிவைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் லேவியராகமம் தானாகப் புரண்டு உபாகமத்துக்குப் போய்விடும். திட்டப்படி அது முன்னேற்றம்தான். ஆனாலும் கணக்கில் சேர்த்துக்கொள்வதில்லை.

புதிய ஏற்பாட்டுக்கு இன்றைக்கு நாம் பார்க்கிற வசன எண்களைப் போட்டவர் ராபர்ட் எஸ்தியென் என்ற அச்சுக்காரர். அந்தப் பதிப்பு 1551-இல் வந்தது. பாரீஸிலிருந்து லியோனுக்குப் போகிற பிரயாணத்தில் அந்த வேலையைச் செய்தார் என்று அவர் மகனே எழுதி வைத்திருக்கிறார். குதிரைச் சவாரிக்கு நடுவே எண் போட்ட வசனத்தை வாசிக்க எனக்கு மட்டும் எதற்கு அமைதியான அறை?

இரண்டாம் வழி: அதிகாலை நாலு மணிக்கு எழுந்திருங்கள். எழுந்திருக்கலாம். கெத்செமனேயில் ஒரு மணி நேரம் விழித்திருக்கச் சொன்னதற்கு, கூடவே இருந்த மூன்று சீஷர்களாலும் முடியவில்லை. எனக்கு அவர்களைவிட வயதும் அதிகம், சர்க்கரையும் உண்டு.

மூன்றாம் வழி: கைப்பேசியை வேறு அறையில் வையுங்கள். வைத்தேன். வேறு அறையில் அது அடித்தது. "ஏங்க, உங்க போன் அடிக்குது" என்று வீட்டம்மா சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "யாருன்னு பாரு" என்றேன். "கண்ணாடி இல்லாம எனக்கு எப்படித் தெரியும்?" என்றாள். அவள் கண்ணாடி என் வேதாகமத்துக்குள் அடையாளத்துக்காக வைக்கப்பட்டிருந்தது. கைப்பேசி பக்கத்தில் இருந்திருந்தால் அதன் கழுத்தை நெரித்துவிட்டு இரண்டு நொடியில் வசனத்துக்குத் திரும்பியிருப்பேன்.

நாலாம் வழி: பென்சிலால் அடிக்கோடிட்டு வாசியுங்கள். பென்சிலைத் தேடுகிற நேரத்தில் ஓபதியா முழுவதையும் வாசித்து முடித்துவிடலாம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஐந்தாம் வழிதான் என்னைக் கவிழ்த்தது. 'வரிசையாக வாசியுங்கள். எதையும் தாண்டாதீர்கள்.'

மொத்தம் 1,189 அதிகாரம். 365 நாளில் வகுத்தால் நாளுக்கு மூன்றேகால். டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனையில் பொருத்தனை பண்ணிவிட்டு மறுநாள் ஆதியாகமத்தில் ஏறினால், பிப்ரவரி முதல் வாரம் முடிகிற சமயத்தில் எண்ணாகமம் ஆறும் ஏழும் வந்து நிற்கும். ஆறாம் அதிகாரம் நசரேய விரதம். திராட்சரசம் கூடாது, மதுபானம் கூடாது, திராட்சத் தோலைக்கூடத் தின்னக்கூடாது. இதை வேறு ஊரில் வாசிக்கிறவன் பக்தியோடு வாசித்துவிட்டுப் போவான். எலப்புள்ளிக்காரன் என்ன செய்வான்? 2025 ஜனவரியில் எங்கள் ஊரில் மதுபான ஆலைக்குக் கேரள அமைச்சரவை அனுமதி கொடுத்ததும், நிலத்தடி நீர் என்னாகும் என்று பஞ்சாயத்து முழுக்கப் பேச்சானதும் நினைவுக்கு வரும். அங்கிருந்து மனசு பிளாச்சிமடைக்குப் போகும். இதே பாலக்காடு மாவட்டம். 2004-இல் குளிர்பான ஆலை மூடப்பட்ட ஊர். அங்கிருந்து மணக்கடவு, பரம்பிக்குளம்-ஆழியாறு ஒப்பந்தப்படி அங்கே கேரளத்துக்கு வரவேண்டிய 7.25 டிஎம்சி தண்ணீர். அதற்குள் நசரேயன் விரதம் முடித்துத் தலையையும் சிரைத்துக்கொண்டிருப்பான்.

சரி, ஏழாம் அதிகாரம். 89 வசனம். வாசஸ்தலம் பிரதிஷ்டையாகிவிட்டது. பன்னிரண்டு கோத்திரத்துப் பிரபுக்களும் நாளுக்கு ஒருவராகக் காணிக்கை கொண்டு வருகிறார்கள்.

முதல் நாள், யூதா கோத்திரத்து நகசோன். 130 சேக்கல் எடையில் ஒரு வெள்ளித் தட்டு, 70 சேக்கலில் ஒரு வெள்ளிக் கிண்ணம், இரண்டு நிறைய எண்ணெய் விட்டுப் பிசைந்த மாவு. 10 சேக்கலில் ஒரு பொன் கரண்டி, அது நிறையத் தூபவர்க்கம். அப்புறம் உயிருள்ளவை: மாடு, ஆடு, குட்டி எல்லாம் சேர்த்து 21 உருப்படி. நிறைவான காணிக்கை. சந்தோஷம்.

இரண்டாம் நாள், இசக்கார் கோத்திரத்து நெதனெயேல். தட்டு 130, கிண்ணம் 70. நகசோனைக் கேட்டுவிட்டு வந்திருப்பார். தப்பில்லை.

மூன்றாம் நாள், செபுலோன் கோத்திரத்து எலியாப். தட்டு 130. கிண்ணமாவது 71 என்று இருக்கக்கூடாதா? 70.

நாலாம் நாள், ரூபன் கோத்திரத்து எலிசூர். இங்கே நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். ரூபன்தான் யாக்கோபின் மூத்த மகன். முதல் நாள் வரவேண்டிய வீடு, நாலாம் நாள்தான் அழைக்கப்பட்டிருக்கிறது. மனுஷனுக்கு வருத்தம் இருக்காதா? அந்த வருத்தத்தில் ஒரு ஐந்து சேக்கலாவது குறைத்திருப்பார் என்று விரல் வைத்துத் தேடினேன். 130. பெரிய மனுஷன்.

ஐந்தாம் நாள், சிமியோன் கோத்திரத்து செலூமியேல். இதற்குள் எனக்குத் தட்டானைப் பற்றிய சந்தேகம் வந்துவிட்டது. பன்னிரண்டு தட்டு, பன்னிரண்டு கிண்ணம், பன்னிரண்டு கரண்டி, எல்லாம் குன்றிமணி பிசகாமல். வனாந்தரத்தில் யார் அந்தத் தட்டான்? செய்கூலி எவ்வளவு? சேதாரம் யார் கணக்கில்? ஒரு சேக்கல் ஏறக்குறைய பதினோரு கிராம் என்கிறார்கள். அப்படியானால் கரண்டி 110 கிராம், அதாவது பதினாலு பவனுக்குக் கொஞ்சம் குறைவு. பவன் என்றதும் கூட்டுறவு வங்கி. வங்கி என்றதும் மூத்தவள் கல்யாணத்துக்கு வைத்த நகைக்கடன். புதுப்பிக்கிற தேதி இந்த மாதமா, அடுத்த மாதமா? ரசீது பீரோவிலா, இன்சூரன்ஸ் கவரிலா?

திரும்பி வந்தபோது எட்டாம் நாள். மனாசே கோத்திரத்து கமாலியேல் தட்டோடு நின்றுகொண்டிருக்கிறார். நடுவில் காத்தின் எலியாசாபும் எப்பிராயீமின் எலிஷாமாவும் வந்து, கொடுத்து, போயும்விட்டார்கள். நான் பார்க்கவில்லை. இப்போது ஒரு தர்க்கம். அவர்கள் என்ன கொடுத்தார்கள் என்று என்னைக் கேட்டால், ஒரு சேக்கல் தவறாமல் சொல்லுவேன். அப்படியானால் நான் வாசித்தேனா, இல்லையா? இதற்குத் துண்டுச்சீட்டில் பதில் இல்லை.

ஒன்பது, பென்யமீன் கோத்திரத்து அபீதான். தட்டு.

பத்து, தாண் கோத்திரத்து அகியேசேர். தட்டை விடுங்கள், மாட்டைப் பாருங்கள். ஆளுக்கு 21 என்றால் பன்னிரண்டு பேருக்கு 252 உருப்படி. பொள்ளாச்சிச் சந்தைக்கு வெளியே இத்தனையை எங்கே கட்டுவது? தீவனம்? இரண்டு மாட்டுக்கு வைக்கோல் வாங்குவதற்கே எனக்கு விழி பிதுங்குகிறது.

பதினொன்று, ஆசேர் கோத்திரத்து பாகியேல். "ஏங்க, சொசைட்டிக்குப் பால் கொண்டுபோகலையா? மணி என்னாச்சு?" இது பாகியேல் சொன்னதல்ல.

பன்னிரண்டு, நப்தலி கோத்திரத்து அகீரா. பாவம், பதினோரு நாள் எல்லோருடைய தட்டையும் பார்த்துக்கொண்டே நின்றவர். கடைசியில் அவர் வந்து வைத்ததும் அதே தட்டு. கல்யாண வீட்டு மொய் நோட்டில்கூட இப்படி வராது. தாய்மாமன் ஒரு ரூபாயாவது கூட்டி எழுதச் சொல்லுவார்.

அதிகாரம் இதோடு விடுவதில்லை. மொத்தக் கூட்டலும் போட்டுக் கொடுத்திருக்கிறது: வெள்ளி 2,400 சேக்கல், பொன் 120. பேனா எடுத்துச் சரிபார்த்தேன். அன்று காலை அலையாமல், அசையாமல், முழு மனசோடு நான் செய்த ஒரே காரியம் அந்தப் பெருக்கல்தான். கணக்குச் சரியாக இருக்கிறது.

ஒவ்வொரு கோத்திரத்தின் காணிக்கையும் கடவுளுக்குத் தனித்தனியாக முக்கியம், அதனால்தான் 'மேற்படி' என்று சுருக்காமல் எழுதப்பட்டிருக்கிறது என்று ஒரு பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அழகான விளக்கம். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சொன்னவரும் அன்றைக்கு நகசோனை மட்டும் வாசித்துவிட்டு 89-ஆம் வசனத்துக்குத் தாவினார்.

என் ஆற்றாமை வேறு. இந்தச் சீட்டு எழுதுகிறவர்கள், ஏதோ கைப்பேசி வந்த பிறகுதான் மனுஷனுக்கு மனசு அலைய ஆரம்பித்தது போலப் பேசுகிறார்கள். எகிப்து வனாந்தரத்தில் எவாக்ரியுஸ் என்று ஒரு துறவி இருந்தார், 399-இல் காலமானவர். சோம்பல் பிடித்த துறவி எப்படி வாசிப்பான் என்று அவர் எழுதியிருக்கிறார்: கொட்டாவி விடுவான், கண்ணைக் கசக்குவான், சுவரைப் பார்ப்பான், இன்னும் எத்தனை ஏடு பாக்கி என்று எண்ணுவான், கடைசியில் புத்தகத்தையே தலைக்கு வைத்துத் தூங்கிப்போவான். வனாந்தரத்தில் லாரி இல்லை, லாட்டரி ஆட்டோ இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயினின் அவிலா தெரேசா, பெரிய தியானி, புனிதர் பட்டம் பெற்றவர். சில வருஷங்கள் ஜெபநேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்றுதான் காத்திருந்தேன் என்று தன் வரலாற்றில் எழுதியிருக்கிறார். லண்டனில் ஜான் டன், கவிஞர், பேராலயத்தின் தலைமைக் குருவானவர். 1626-இல் ஓர் அடக்க ஆராதனைப் பிரசங்கத்தில், தான் முழங்காலிட்டுக் கடவுளைக் கூப்பிட்டுவிட்டு, ஓர் ஈயின் ரீங்காரத்துக்கும் வண்டிச் சத்தத்துக்கும் கதவின் கிறீச்சிடலுக்கும் அவரை அப்படியே விட்டுவிடுவதாகச் சொன்னார். பிரசங்க பீடத்தில் நின்றுகொண்டு, சபையார் முன்னால். யாரையும் கை தூக்கச் சொல்லவில்லை.

நாம் கட்டிக்கொண்டு அழுகிற வருடாந்தரத் திட்டங்களுக்கும் ஒரு முன்னோர் உண்டு. ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்துப் போதகர் ராபர்ட் மக்செயின், 1842-இல் தன் சபைக்காக நாளுக்கு நாலு அதிகாரம் வீதம் ஓர் அட்டவணை போட்டார். மறு வருஷம் 29 வயதில் காலமாகிவிட்டார். அட்டவணை இன்றும் ஓடுகிறது. அவருடைய முன்னுரையில் முதலில் வருவது திட்டத்தின் ஆபத்துகள்: வெறும் சடங்காகிவிடும், வாசித்து முடித்த பெருமை வரும், மேலோட்டமாக ஓட்டுவார்கள், சிலருக்குச் சுமக்கமுடியாத நுகமாகும். நன்மைகளை அதற்குப் பிறகுதான் எழுதினார். இருபத்தெட்டு, இருபத்தொன்பது வயதுப் பையனுக்கு இருந்த அந்த நிதானம், நரைத்தவர்கள் அச்சடித்த என் கையிலிருக்கிற சீட்டில் இல்லை. அந்த நாலு ஆபத்தும் இப்போது கைப்பேசிச் செயலியிலேயே சேர்ந்து வருகிறது. ஒரு நாள் தவறினால், தொடர்ச்சி அறுந்தது என்று அது எனக்குச் செய்தி அனுப்புகிறது. கடவுள் இதுவரை அப்படி ஒன்றும் அனுப்பவில்லை.

என் கட்சி இதுதான். வேதவாசிப்பில் மனசு அலைவது பெரிய பாவம் என்று நான் நினைக்கவில்லை. அலையவே இல்லை என்று கை தூக்குகிறோமே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. கடனும் மாடும் தண்ணீர்த் தகராறும் உள்ள மனுஷன் அவற்றை வாசலில் செருப்போடு கழற்றிவிட்டு வரமுடியாது. ஆறாம் வழியும் ஏழாம் வழியும் என்ன என்று கேட்பீர்கள். சீட்டைத் திருப்பி வாசிக்கவில்லை. பால் சொசைட்டிக்கு நேரமாகிவிட்டது. நான் தருவதாகச் சொன்ன மூன்றும் அப்படியே.

அலையாமல் வாசிக்க முடியும் என்று இன்னும் சாதிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். எண்ணாகமம் ஏழு வேண்டாம். வேதாகமத்திலேயே சின்ன அதிகாரம் சங்கீதம் 117, இரண்டே வசனம். அதை வாசித்து முடிக்கிறவரை வேறொன்றையும் நினைக்காமல் இருந்து பாருங்கள். பிறகு சீட்டு அச்சடிக்கலாம்.