சேர்வராயன் மலையில் பெண் குழந்தைக்குப் பூப்பெயர் இடுதல்: ஓர் ஆய்வு

பெண் குழந்தைக்குப் பூவின் பெயரை இடும் வழக்கம் தமிழகமெங்கும் உண்டு. சேலம் மாவட்டத்து ஏற்காட்டிலும் அதைச் சூழ்ந்த சேர்வராயன் மலை ஊர்களிலும் இவ்வழக்கத்தில் ஒரு முரண் தென்படுகிறது: மலையில் பூப்பது ஒன்று, பெயராவது வேறொன்று. சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், மே மாதக் கோடை விழாவின்போது அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி நடக்கிறது. டேலியா, சால்வியா, பெட்டூனியா என்று தொட்டி தொட்டியாக அடுக்கியிருப்பார்கள். அவற்றின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வோர் மல்லிகாவும் செண்பகமும் பூங்கொடியும்தான். சால்வியா என்று எவரும் இல்லை. (ஷ, ஹ எழுத்துகளைத் தேடி அலையும் இன்றைய இளம் பெற்றோர் இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள்.)

எந்தப் பூ பெயராகும் என்பதை முடிவு செய்வது அதன் அழகு அன்று, பயன்பாடு. தலையில் சூடும் பூ பெயராகிறது: மல்லிகை, முல்லை, செண்பகம், ரோஜா. சாமிக்கு மட்டும் போகும் பூ ஆவதில்லை. பனமரத்துப்பட்டி வட்டாரம் மூட்டை மூட்டையாக அரளி விளைவித்தும் அரளிச்செல்வி என்று ஒருத்தி இல்லை. அரளியின் நஞ்சு ஊரறிந்தது. அதே நஞ்சுக் காரணத்தால், மாநில மலராகிய செங்காந்தளும் பாடநூலோடு நின்றுவிட்டது எனலாம். சமைக்கும் பூவுக்கும் இடமில்லை. வாழைப்பூ, முருங்கைப்பூ, காலிஃப்ளவர் மூன்றையும் எந்த அப்பாயியும் முன்மொழிந்ததாகத் தெரியவில்லை. முழக்கணக்கில் விற்பதும் தலையில் ஏறுவதுமான கனகாம்பரம் மட்டும் ஏன் பின்தங்கியது என்பதற்கு இவ்விதியில் விடையில்லை. மணமின்மை காரணமாகலாம்.

மணத்தை அப்படிக் காரணமாக்கினாலும் தாமரை சூடும் விதிக்குக் கட்டுப்படாது. அதை யாரும் கொண்டையில் வைப்பதில்லை. ஆனாலும் கமலா, பத்மா, பங்கஜம், அம்புஜம், சரோஜா, நளினி, தாமரைச்செல்வி என ஏழு பெண் பிறந்த வீட்டில் ஏழு பேருக்கும் அந்த ஒரே பூவின் பெயரை இட்டு ஒப்பேற்றிவிடலாம். திருமகளின் ஆசனம் என்ற செல்வாக்கு வேறு எந்தப் பூவுக்கும் வாய்க்கவில்லை. மற்றப் பூக்களின் பங்கையும் தாமரையே எடுத்துக்கொள்கிறது. நா. பார்த்தசாரதியின் ‘குறிஞ்சி மலர்’ நாவலைப் படித்து உருகிய பெற்றோர் பலர், அதன் தலைமை மாந்தர் பெயர்களைத் தம் பிள்ளைகளுக்குச் சூட்டினர். பெண்கள் பூரணி ஆனார்கள், பையன்கள் அரவிந்தன் ஆனார்கள். அரவிந்தம் என்பதும் தாமரையே. குறிஞ்சியைத் தலைப்பாகக் கொண்ட நாவல் தாமரையைப் பரப்பியது, அதுவும் ஆண்களிடம். பெண் குழந்தைக்கு அதில் பூவே கிடைக்கவில்லை.

பஞ்சாங்கத்தின் பங்கும் சிறிதன்று. பிறந்த நட்சத்திரத்துக்குரிய எழுத்தில் பெயர் தொடங்க வேண்டும் என்போர்க்கு மகம் வசதியானது; அதன் எழுத்துகள் ம, மி, மு, மெ என்பதால் மல்லிகாவும் முல்லையும் தடையின்றி வருகின்றன. பரணிக்கு லி, லு, லே, லோ; ஆயில்யத்துக்கு டி, டு, டே, டோ. விதியை வழுவாமல் பின்பற்றினால் பரணியில் பிறந்தவள் லில்லி, ஆயில்யத்தில் பிறந்தவள் டேலியா. பழைய தேவாலயங்களும் கான்வென்ட் பள்ளிகளும் நிறைந்த ஏற்காட்டில் லில்லியும் டெய்ஸியும் வழக்கமான பெயர்களே. ஆனால் அவை ஞானஸ்நானத்தின் வழி வருபவை. பஞ்சாங்கமும் அதே பெயர்களைப் பரிந்துரைப்பதை இரு தரப்பாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

சேர்வராயன் மலையில் நீலக்குறிஞ்சியும் உண்டு. பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். மூணாறில் 2006-லும் 2018-லும் பூத்தது. பூவை நேரில் பார்த்த பிறகே பெயர் வைப்போம் என்னும் பிடிவாதக்காரர்களுக்குச் சட்டம் இடம் தருகிறது. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, 15 ஆண்டுக்குள் பெயரைச் சேர்க்கலாம். குறிஞ்சிக்குக் காத்திருந்தாலும் மூன்று ஆண்டு மிச்சம். அதுவரை பிள்ளையைப் ‘பாப்பா’ என்றே அழைக்கலாம். பேரன் பேத்தி எடுத்த பிறகும் அப்படியே அழைக்கப்படுவோர் உளர்.

1963-இல் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் ஏற்காட்டில் அமைத்த ஆர்க்கிட் தோட்டத்தில் பெயருக்குப் பஞ்சமில்லை. எல்லாம் லத்தீன். வாண்டா என்பது மட்டும் வாயில் நுழையும். பள்ளியில் சேர்த்த அன்றே அது வாண்டு ஆகிவிடும்.

எஞ்சியிருப்பது காபிப்பூ. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் காபிச் செடியை இம்மலைக்குக் கொண்டுவந்தார். கோடையின் முதல் மழை விழுந்து பத்து நாளுக்குள் தோட்டம் முழுவதும் ஒரே மூச்சில் வெள்ளையாகப் பூக்கும். இரண்டு மூன்று நாளில் வாடிவிடும். மலைக்குச் சோறு போடும் பூ இது. நிறம், மணம் இரண்டிலும் மல்லிகைக்குக் குறைந்ததன்று. இருந்தும் அதைப் பறித்துத் தொடுக்க முடியாது: பறித்த ஒவ்வொரு பூவும் ஒரு பழம் குறைவு. தலையில் ஏறாத பூ பெயராகாது என்ற விதி இங்கேயும் செல்லுகிறது. ஆகவே சேலம் சந்தையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி வரும் மல்லிகைக்கே மலையிலும் முதலிடம்.

இந்த அநீதிக்குத் தாவரவியலில் ஒரு நிவாரணம் உண்டு. 1713-இல் பிரெஞ்சு அறிஞர் அந்துவான் டி ஜுஸ்ஸியு காபிச் செடியை ஆராய்ந்து, அது அரேபிய மல்லிகை வகை என்றே எழுதினார். பின்னால் வந்த லின்னேயஸ்தான் அதைத் தனிப் பேரினமாகப் பிரித்தார். ஜுஸ்ஸியு கட்சியில் நின்றால், காபித் தோட்டத்தில் பிறந்த மல்லிகா ஒவ்வொருத்தியும் உள்ளூர்ப் பூவின் பெயரையே தாங்கியிருக்கிறாள்; தோட்டக்காரர்களுக்கும் மனக்குறை இராது.

ஆனால் வீட்டில் மல்லிகா என்று யாரும் முழுதாக அழைப்பதில்லை. மல்லி என்றே சுருங்குகிறது. அது மளிகைக் கடையில் கொத்தமல்லியைக் குறிக்கும். மல்லியும் காபியும் ஒரே பெயரில் சேரும் இடம் சுக்குமல்லிக் காபி. அதில் மல்லிகையும் கிடையாது, காபிக்கொட்டையும் கிடையாது.