பொன்னாடைத் தொடர்புகள்

ஆய்வு மாணவர்களிடம் ‘தொடர்புகளை வளர்த்துக்கொள்ளுங்கள்’ என்று இப்போது பயிலரங்கம் வைத்துச் சொல்கிறார்கள். நம் ஊர் ஆய்வாளருக்கா இதைச் சொல்லித்தர வேண்டும்? வாய்மொழித் தேர்வுக்கு வரும் புறத்தேர்வாளரை ரயில் நிலையத்திலேயே மடக்கி, பெட்டியைக் கையில் வாங்கி, “ஐயா, ஒரு காபி சாப்ட்டுட்டுப் போயிரலாமா?” என்று கேட்பவருக்கு லிங்க்ட்இன் எதற்கு? பொன்னாடையைத் தொட்டுப் பார்த்தே, வருகிறவர் துறைத்தலைவரா துணைவேந்தரா என்று சொல்லிவிடுவார். நெறியாளர் வீட்டுக்கு கேஸ் சிலிண்டர் பதிவு செய்த அனுபவத்தைத் தன்விவரக் குறிப்பில் ‘திட்ட மேலாண்மை’ என்று போடலாம், பொய்யில்லை.

வேலைதான் கொஞ்சம் நழுவுகிறது. பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராக 2021 ஜூலை முதல் முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-இல் விதி செய்தது பல்கலைக்கழக மானியக் குழு. பிறகு கொரோனா வந்ததால் 2023-க்குத் தள்ளியது. 2023 ஜூலையில், கட்டாயமில்லை, நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேறினால் போதும் என்றது. விதியை நம்பி 2018-இல் சேர்ந்தவர் அப்போதுதான் ஆய்வேட்டை பைண்டிங்குக்குக் கொடுத்திருப்பார்.

ஆய்வு செய்கிறவருக்கு ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால், 2023 முதல் அது மாதம் 37,000 ரூபாய். பட்டம் வாங்கி, தமிழ்நாட்டு அரசுக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் ஆனவருக்கு 2024-இல் மாதம் 25,000, கௌரவம் தனி. மே மாதம் அதுவும் இருக்கவில்லை.