பொறி பிடிக்காத எலி

கேள்வி: ஹான்டா வைரஸைத் தடுக்க எலிப்பொறி போதாதா?

பதில்: பொறியில் எலி சிக்கும், அது விட்டுப்போன சிறுநீரும் புழுக்கையும் சிக்காதே! இந்த வைரஸ் தொற்ற எலி கடிக்கவே வேண்டியதில்லை. காய்ந்த புழுக்கையைப் பெருக்கினால் எழும் தூசியே வைரஸை நுரையீரலுக்குள் கொண்டுபோய்விடும். 2012-இல் அமெரிக்காவின் யோசெமிட்டி பூங்காவில் 10 பேருக்குத் தொற்று. 3 பேர் இறந்தார்கள். பத்தில் ஒன்பது பேர் தங்கியது இரட்டைச் சுவர்க் கூடாரங்களில். அந்தச் சுவர்களின் இடைவெளியில்தான் எலிகள் குடித்தனம் நடத்தின. ‘பக்கத்தில் இருப்பவரிடமிருந்து ஒட்டாதா?’ என்பீர்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் வகை மட்டுமே அப்படிப் பரவுவதாக உறுதியாகியிருக்கிறது. ஆகவே துடைப்பத்தைத் தள்ளிவையுங்கள். ஜன்னலைத் திறந்து, கையுறை போட்டு, புழுக்கையைப் பிளீச்சிங் கரைசலில் நன்றாக ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். பிறகு பொந்தை அடைத்துவிடுங்கள், பொறியும் வையுங்கள்.